வீட்டுக்கல்வி சரி, பிள்ளைக்குக் கூட்டாளிகள் எங்கிருந்து வருவார்கள்?

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், கணக்கு யார் சொல்லித் தருவார், பரீட்சை எப்படி எழுதுவது என்றெல்லாம் யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். "நாலு பேரோட பழகத் தெரியாமப் போயிடுமே" என்பதுதான் முதல் கேள்வி. மாமியார் கேட்பார், மாடி வீட்டு அக்கா கேட்பார், தடுப்பூசி போடுகிற டாக்டரும் கேட்பார். வீட்டுக்கல்விக்காரர்கள் இதற்கு ஒரு பதிலைக் கையிலேயே வைத்திருப்பார்கள்: பள்ளியில் மட்டும் பழகவா விடுகிறார்கள், வாயைத் திறந்தால் கிளாஸ் லீடர் பெயரை போர்டில் எழுதிவிடுகிறானே!

பாதி உண்மைதான். ஆனால் பெயரை எழுதின லீடரும், எழுதப்பட்டவனும், பக்கத்தில் சிரித்தவனும் மறுநாள் காலையில் அதே பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பிள்ளைக்கு வேண்டியது கூட்டம் இல்லை. அதே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், பெரியவர்கள் நடுவில் புகாத நேரம் வேண்டும், அப்புறம் அம்மா அப்பா பார்த்துத் தேர்ந்தெடுக்காத ஆட்களும் கொஞ்சம் வேண்டும். பள்ளி இந்த மூன்றையும் யாரும் திட்டம் போடாமலே கொடுத்துவிடுகிறது, நல்லதும் கெட்டதுமாகத்தான். வீட்டுக்கல்வியில் இதை நீங்களே உட்கார்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் அது நடக்குமா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் கீழே இருக்கிறது. பாடத்திட்டத்தை நான் தொடப் போவதில்லை, அது இதைவிடச் சுலபம்.

ஆராய்ச்சி கேட்பவர்களுக்காக

அமெரிக்காவில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ரிச்சர்ட் மெட்லின் என்ற உளவியலாளர் 2000-இலும் 2013-இலும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வீட்டில் படித்த பிள்ளைகள் பழகும் திறனில் மற்ற பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை என்றார். 2021-இல் ஹார்வர்ட் பொதுச் சுகாதாரக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வு செவிலியர்களின் பிள்ளைகள் சுமார் 12,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவை எடுத்துக்கொண்டது. வீட்டில் படித்தவர்கள் தன்னார்வப் பணியிலும் மன்னிக்கும் குணத்திலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட மேல், ஆனால் கல்லூரிப் பட்டம் வாங்கியவர்கள் அவர்களில் குறைவு என்று சொன்னது. சந்தோஷம். ஆனால் முந்தைய ஆய்வுகள் பலவற்றில் தாமாக முன்வந்த குடும்பங்கள்தான் இருந்தன, பிள்ளை எப்படிப் பழகுகிறது என்று பதில் சொன்னதும் பெரும்பாலும் பெற்றோரே. அதோடு அங்கே 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும், தேவாலயக் குழு, பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் வகுப்பு, உள்ளூர் விளையாட்டு அணி என்று பகலிலேயே போய்ச் சேர இடம் இருக்கிறது. தாம்பரத்திலோ திருப்பூரிலோ செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு உங்கள் பிள்ளையோடு விளையாட யார் இருக்கிறார்கள்? அந்த முடிவுகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைக்க முடியாது.

கொரோனா காலத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடி திறந்தன. "அப்போ வீட்டுலதானே இருந்தான், நல்லாத்தானே இருந்தான்" என்று சிலர் சொல்கிறார்கள், "அப்போ பட்டதே போதும்" என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே சான்று ஆகாது, ஏனென்றால் அப்போது ஊரே வீட்டுக்குள் இருந்தது. வீட்டுக்கல்வியில் ஊர் வெளியே போய்விடும், உங்கள் பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கும்.

முதலில் ஒரு வாரத்தை எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, திங்கள் முதல் ஞாயிறு வரை உங்கள் பிள்ளை யார் யாரோடு எவ்வளவு நேரம் இருக்கும் என்று எழுதுங்கள். இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை எழுதாதீர்கள், இப்போது இருக்கிற தெருவையும் இருக்கிற உறவுகளையும் வைத்து எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் வரும் படம் இதுதான்: காலை முழுக்கத் தெரு காலி. நான்கு, நாலேகால் மணிக்கு வேன் வந்து நிற்கும், பிள்ளைகள் இறங்குவார்கள், யூனிஃபார்ம் மாற்றிப் பால் குடித்து ஐந்து மணிக்குக் கீழே வருவார்கள், ஆறு மணிக்கு டியூஷன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆக உங்கள் பிள்ளை காலையிலிருந்து காத்திருந்தது ஒரு மணி நேரத்துக்கு. அந்த ஒரு மணி நேரத்திலும் மற்றவர்கள் அன்றைக்குப் பள்ளியில் நடந்ததைப் பேசிக்கொண்டிருப்பார்கள், "அந்த மிஸ் இருக்காங்கல்ல..." என்று ஆரம்பிக்கிற பேச்சில் உங்கள் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றுங்கள். ஹிந்தி வகுப்பு, கீபோர்டு வகுப்பு எதுவானாலும் ஐந்து முதல் ஆறு வரை வைக்காதீர்கள். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தங்களுக்குக் கிடைத்த பகல் நேரத்தை வீணாக்கிவிட்டு, தெருவில் பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் வகுப்புக்குக் கிளம்புவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக வரும்.

வகுப்பைப் பற்றியே ஒரு வார்த்தை. "நாங்க அவளைப் பரதநாட்டியம், செஸ், ஸ்விம்மிங் எல்லாத்துக்கும் அனுப்புறோம், நல்லாப் பழகுறா" என்பார்கள். போய்ப் பாருங்கள். வரிசையில் நின்று தட்டடவு ஆடுகிறார்கள், டீச்சர் தட்டுக்கழியைத் தட்டுகிறார், முடிந்ததும் வாசலில் வண்டியோடு நிற்கும் அப்பாவிடம் ஓடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் நின்றவளோடு பேசியது "தண்ணி தா" என்பது மட்டும்தான். கலை கற்றுக்கொள்கிறாள், நல்லது, ஆனால் அது சிநேகிதம் ஆகாது. வகுப்புக்கு முன்னால் பதினைந்து நிமிஷம், முடிந்த பின் அரை மணி நேரம் அங்கேயே விட்டுவைத்தால் ஆகலாம். அதனால் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சொல்லிக் கொடுப்பவரின் பெயரை மட்டும் பார்க்காமல் வாசலில் ஒரு திண்ணையோ மரமோ காலி இடமோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது தெருக் கிரிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வயது முதல் பதினான்கு வரை கலந்து நிற்பார்கள். ஒன் பிட்ச் கேட்ச் அவுட், மூன்றாவது வீட்டு காம்பவுண்டுக்குள் போனாலும் அவுட், போய் எடுத்து வருவது அடித்தவன் பொறுப்பு. சின்னவனுக்கு மெதுவாகப் போட வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வேகமாகப் போட்டால் பெரிய பையனே அதட்டுவான். ரன் அவுட்டா இல்லையா என்று பத்து நிமிஷம் கத்துவார்கள், பேட் கொண்டுவந்தவன் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதாக மிரட்டுவான், காய் விடுவார்கள், மறுநாள் ஆள் குறைகிறது என்று பழம் விடுவார்கள். சமூக வளர்ச்சி என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான்: தோற்றுவிட்டுத் திரும்பி வருவது, வலியவனோடு பேரம் பேசுவது, சின்னவனுக்கு விட்டுக்கொடுப்பது, சண்டை போட்டவனிடமே மறுநாள் பந்தைக் கேட்பது. இதில் எந்த இடத்திலும் பெரியவர் இல்லை. பால்கனியில் நின்றபடி "டேய், அவனுக்கும் ஒரு ஓவர் குடுங்கடா" என்று நீங்கள் கத்தினால் அத்தனையும் கெட்டது. வீட்டுக்கல்விப் பெற்றோர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் அதிகம், எல்லாவற்றையும் கற்றுத் தந்து பழகிப்போயிருக்கும்.

பெண் பிள்ளைகளுக்குத் தெரு பத்து பதினொரு வயதிலேயே மூடிவிடுகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பள்ளி இருந்தால் அவளுக்கு அங்கேயாவது ஒரு கூட்டம் இருக்கும். வீட்டில் படிக்கும் பெண்ணுக்கு அதற்கு ஈடாக நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்? பதில் இல்லை என்றால், மகளைப் பொறுத்தவரை இந்த யோசனையையே தள்ளிப் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

யாரோடு பழகும்?

இதைக் கேட்டால் பலருக்குக் கோபம் வரும். நம் ஊரில் வீட்டுக்கல்விக் குழுக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள்: வேலைக்குப் போகாமல் ஒருவர் வீட்டில் இருக்க முடிகிற வருமானம், வீட்டில் ஆங்கிலம், கார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூடுவார்கள், சிறுதானிய லட்டு இருக்கும், அம்மாக்கள் நல்ல மனுஷிகள். ஆனால் பிள்ளை பார்க்கிற உலகம் அவ்வளவுதான். ஒரு சாதாரணப் பள்ளியில், அதிலும் அரசுப் பள்ளியில், பல சாதி, பல மதம், வீட்டில் வண்டி இருக்கிறவன், சத்துணவு சாப்பிட்டால்தான் மதியம் வயிறு நிறைகிறவன் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். பெரிய தனியார் பள்ளிகளில் ஃபீஸே வடிகட்டிவிடுகிறது, அங்கிருந்து பிள்ளையை எடுப்பவர்கள் இந்த விஷயத்தில் பெரிதாக எதையும் இழப்பதில்லை, அதுவும் உண்மை.

அதனால் குழு தேடும்போது வீட்டுக்கல்விக் குழுவோடு நிறுத்தாதீர்கள். கலை பண்பாட்டுத் துறை பல மாவட்டங்களில் ஜவகர் சிறுவர் மன்றம் நடத்துகிறது, பாட்டு, நடனம், ஓவியம் என்று மிகக் குறைந்த கட்டணத்தில் சொல்லித் தருகிறார்கள், எல்லா வகைப் பிள்ளைகளும் வருவார்கள். மாவட்ட விளையாட்டு அரங்கத்தில் காலையிலும் மாலையிலும் பயிற்சி நடக்கும், அங்கே அணி விளையாட்டில் சேருங்கள், கபடி, கோகோ, கூடைப்பந்து எதுவானாலும் சரி. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இல்லம் என்கிற சிறுவர் அறிவியல் மன்றம் உங்கள் பக்கத்தில் இயங்குகிறதா என்று விசாரியுங்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் குழுவாகச் சேர்ந்து ஆய்வு செய்யலாம், மாதக்கணக்கில் ஒரே குழுவோடு வேலை செய்கிற அனுபவம் அது. கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும் மதுரை கலைஞர் நூலகத்திலும் சிறுவர் பிரிவு அருமையாக இருக்கிறது, ஆனால் அங்கே போய்ப் பேச முடியாது, சிநேகிதம் தேடி நூலகம் போகாதீர்கள்.

2024-இல் உலக செஸ் சாம்பியன் ஆன குகேஷ் நான்காம் வகுப்புக்கு மேல் முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லையே என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்தப் பையனுக்கு பயிற்சியாளர்கள், ஊர் ஊராகப் போட்டிகள், அதே வயதில் அதே பைத்தியத்தோடு திரிகிற எதிராளிகள் என்று ஒரு முழு உலகம் இருந்தது. உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒரு உலகம் ஏற்கெனவே இருந்தால் சரி, தாராளமாகச் செய்யுங்கள்.

வயதுக்கு ஏற்ப

மூன்று வயதுக் குழந்தை பக்கத்துக் குழந்தையோடு சேர்ந்து விளையாடாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக விளையாடும், அது இயல்பு. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டிவிட்டார். சேர்ந்து ஒரு விளையாட்டைக் கட்டி ஆடுவது நான்கு, ஐந்து வயதில்தான் வலுப்படும். ஆகவே எல்.கே.ஜி. சேர்க்காவிட்டால் பழக்கவழக்கம் போச்சு என்று அலற வேண்டியதில்லை. ஆறு முதல் பத்து வயது வரை ஒரு தெரு, ஒரு பாட்டி வீடு, இரண்டு மூன்று நிலையான கூட்டாளிகள் இருந்தால் சமாளித்துவிடலாம். கஷ்டம் பன்னிரண்டுக்கு மேல் வரும். அந்த வயதில் பிள்ளைக்கு அப்பா அம்மாவைவிடச் சம வயதுக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது முக்கியமாகிவிடும், அதுவரை சமத்தாக இருந்த பிள்ளை "நான் ஸ்கூல் போறேன்" என்று கேட்கும். கேட்டால் அனுப்புங்கள். நம் கொள்கை என்ன ஆவது என்று யோசிக்கிற இடம் அது இல்லை.

சோதித்துப் பார்க்க மே மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லாருமே அதைத்தான் செய்கிறார்கள், மாமா பையன், பெரியப்பா பெண் என்று வீடு நிறைந்திருக்கும், பிள்ளை சந்தோஷமாக இருக்கும், வீட்டுக்கல்வி அற்புதம் என்று தோன்றும். ஜூனில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்குப் போன பிறகு இரண்டு மூன்று வாரம் தள்ளி அனுப்பிப் பாருங்கள். மூன்றாவது வாரம் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிள்ளை என்ன செய்கிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள், யார் கையில் போன் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் என்று சொன்னேன், பெரும்பாலும் அம்மா. அவருடைய தனிமையையும் அந்த நோட்டில் எழுத வேண்டும். வேலையை விட்டுவிட்டு, பக்கத்தில் பேச ஆள் இல்லாமல், நாள் முழுக்க ஒரு குழந்தையோடு இருக்கிற அம்மாவால் பிள்ளையை ஊரோடு பழக வைக்க முடியாது. அப்பா வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் பொறுப்பு எடுப்பார் என்பது வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும்.

சட்டமும் சான்றிதழும், சுருக்கமாக

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று பிரிவு 10-இல் சொல்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கல்வி என்று ஒன்றை அது அங்கீகரிக்கவும் இல்லை. படித்துக்கொண்டிருந்த பிள்ளையை நிறுத்தினால் பெயர் இடைநின்றோர் பட்டியலில் வரும், கணக்கெடுக்க ஆசிரியர் பயிற்றுநர் வீடு தேடி வரலாம். அவர்களிடம் சண்டை போடாதீர்கள், குழந்தைத் தொழிலாளி ஆகிவிட்டதா என்று பார்ப்பது அவர்கள் வேலை, உட்கார வைத்துப் பிள்ளையின் நோட்டுகளைக் காட்டுங்கள். டி.சி. வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பரீட்சைக்கு என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, 14 வயதானால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம், ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். மாநில அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதில் தமிழ்நாட்டில் சிக்கல் எழுந்திருக்கிறது, நடப்பில் உள்ள அரசாணையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அரசுப் பள்ளியிலிருந்து எடுப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் பள்ளிப்படிப்பு நிபந்தனை உண்டு. ஏழாம் வகுப்பில் நிறுத்தினால் இவை கைவிட்டுப் போகும்.

எதைக் கவனிக்க வேண்டும்

கூச்சத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கல்யாண வீட்டில் அம்மா முந்தானைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை பள்ளிக்குப் போனாலும் அப்படித்தான் நிற்கும். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் "எந்த ஸ்கூல்டா கண்ணா?" என்று கேட்கும்போது உங்களைத் திரும்பிப் பார்க்காமல் "வீட்டுலதான் படிக்கிறேன் தாத்தா" என்று சொல்லி, "ஏன், ஃபெயிலா?" என்று அவர் கேட்டாலும் சிரிக்கத் தெரிந்தால் போதும். இந்தப் பதிலை வீட்டில் ஒருமுறை பேசிப் பழகிக்கொள்ளலாம், தப்பில்லை.

கவலைப்பட வேண்டியவை வேறு. பெரியவர்களோடு நன்றாகப் பேசி, சம வயதுப் பிள்ளைகள் வந்தால் ஒதுங்கிப் போவது. (பெரியவர்கள் விட்டுக்கொடுப்பார்கள், பிள்ளைகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அதனால்தான்.) விளையாட்டில் தோற்கத் தொடங்கியதும் வீட்டுக்கு வந்துவிடுவது, அதுவும் ஒவ்வொரு தடவையும். முன்பு விரும்பிப் போன கூட்டத்துக்கு இப்போது போக மறுப்பது. பேச்சு வருவதே தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கண் பார்த்துப் பேசாதது என்று இருந்தால் அதை வீட்டுக்கல்வியால் மூடி மறைக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைப் பார்க்கவென்றே மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது, அங்கே காட்டுங்கள். பள்ளியில் பிள்ளையை யாரோ தொடர்ந்து அடிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள் என்பதற்காக எடுப்பதாக இருந்தால் உடனே எடுங்கள், அதைப் பொறுத்துக்கொண்டு ஒரு பிள்ளையும் எதையும் கற்பதில்லை. ஆனால் சில மாதம் கழித்து வேறு கூட்டத்துக்குள் மெல்ல இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனுஷர்கள் என்றாலே அப்படித்தான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

வீட்டுக்கு வெளியே பிள்ளை நம்பிப் பேசுகிற ஒரு பெரியவராவது இருக்கட்டும், சித்தி, கோச், நூலகர், யாராவது. நம் வீட்டிலேயே ஏதாவது தப்பு நடந்தாலும் சொல்ல ஆள் வேண்டும் அல்லவா? பள்ளிப் பிள்ளைக்கு அங்கே ஒரு டீச்சர் இருப்பார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சொல்லி வையுங்கள்.

திரும்பிப் போக வேண்டி வந்தால்

கதவு திறந்துதான் இருக்கிறது. மேலே சொன்ன கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 4-இன்படி, பள்ளிக்கே போகாத அல்லது இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்க்க வேண்டும்; பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது, பின்தங்கிய பாடத்துக்குத் தனிப்பயிற்சி தர வேண்டும். இது நடைமுறையில் அரசுப் பள்ளியில் சுலபமாக நடக்கும், தனியார் பள்ளி நுழைவுத் தேர்வு, பழைய மார்க் ஷீட் என்று இழுக்கும். முடிந்தவரை ஜூனில் சேருங்கள், அப்போது எல்லாருக்குமே வகுப்பு புதிது. நவம்பரில் போனால் யார் யார் பக்கத்தில் யார் என்பது முடிவாகியிருக்கும். சேர்ப்பதற்கு முன் அந்த வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையையாவது தேடிப் பிடித்து வீட்டுக்கு அழைத்து விளையாட விடுங்கள். முதல் சில வாரங்கள் மணி அடிப்பது, ஒன்றுக்குப் போகக் கை தூக்குவது, டிபன் பாக்ஸை மற்றவன் திறந்து எடுப்பது எல்லாமே பிள்ளைக்கு அதிர்ச்சியாக இருக்கும். தினம் சாயங்காலம் "இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்காமல் "யார் பக்கத்துல உட்கார்ந்தே?" என்று கேளுங்கள், ஒரே பெயர் இரண்டாவது வாரமும் வந்தால் அந்தப் பிள்ளையின் அம்மா நம்பரை வாங்கிவிடுங்கள்.